தைலப் புட்டியும் நாளிதழும்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வெளிவந்த தமிழ் நாளிதழ்களையும் வார இதழ்களையும் இன்று புரட்டுவோர், தலையங்கத்துக்கும் தொடர்கதைக்கும் போவதற்கு முன் தலைவலித் தைலம், பல்பொடி, சோப்பு, கூந்தல் எண்ணெய், லேகியம், குழந்தைகளின் வயிற்றுவலி மருந்து ஆகியவற்றின் விளம்பரங்களைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கும். இவ்விளம்பரங்களைப் பழங்காலத்து வேடிக்கையாகப் பார்த்து நகர்ந்துவிடும் வழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது. ஆயினும் அச்சுக்கூலியையும் காகித விலையையும் சந்தா மட்டும் ஈடுகட்டாத ஒரு காலத்தில், படிக்கத் தெரிந்தோரின் எண்ணிக்கையே குறைவாயிருந்த ஒரு சமூகத்தில், இதழ்கள் எவ்வாறு உயிர் பிழைத்தன என்ற கேள்வியை எழுப்பினால், அதற்கான விடையின் பெரும்பகுதி அந்த மருந்துக் கட்டங்களுக்குள்தான் கிடைக்கிறது. வீட்டு வைத்தியச் சரக்கும் பத்திரிகைத் தொழிலும் தென்னிந்தியாவில் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தவை. சில இடங்களில் இரண்டுக்கும் முதலாளி ஒருவரே.

இதற்குச் சிறந்த சான்று அமிர்தாஞ்சனத்தின் வரலாறு. கிருஷ்ணா மாவட்டத்து எலகுர்ரு என்னும் சிற்றூரில் 1867-இல் பிறந்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்ற காசிநாதுனி நாகேஸ்வர ராவ், பிழைப்புத் தேடிக் கல்கத்தாவுக்கும் பின்னர் பம்பாய்க்கும் சென்றவர். பம்பாயில் 1893-இல் அவர் தொடங்கிய தொழிலின் ஒரே சரக்கு, தலைவலிக்கும் உடல்வலிக்கும் தடவிக்கொள்ளும் மஞ்சள் நிறத் தைலம். தொடக்க விலை பத்து அணா, அதாவது இன்றைய கணக்கில் அறுபத்திரண்டரைக் காசு. கச்சேரி மேடைகளைச் சுற்றிக் கூடும் கூட்டத்தில் தைலத்தை இலவசமாகக் கொடுத்து அவர் அதைப் பரப்பினார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. கொளுத்தும் வெயிலிலும் நெரிசலிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போரின் நெற்றியில் குளிர்ச்சியாக இறங்கிய தைலத்துக்கு அந்தச் சபையைவிடப் பொருத்தமான கடை அமைந்திருக்க முடியாது.

தைலத்தில் ஈட்டிய பணத்தை நாகேஸ்வர ராவ் அச்சில் போட்டார். 1908-இல் பம்பாயிலிருந்து ‘ஆந்திர பத்திரிகா’ என்ற தெலுங்கு வார இதழைத் தொடங்கிய அவர், 1914-இல் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து நாளிதழாக்கினார். தைலத் தொழிலும் அந்நகரத்துக்கே வந்து சேர்ந்தது. 1924-இல் ‘பாரதி’ என்னும் இலக்கிய மாத இதழையும் அவர் நிறுவினார். தெலுங்கு மக்கள் அவரைத் ‘தேசோத்தாரக’ என்று அழைத்தார்கள். ஆந்திரப் பகுதித் தலைவர்கள் தமக்குள் செய்துகொண்ட 1937-ஆம் ஆண்டு உடன்பாடு, மயிலாப்பூர் லஸ் பகுதியிலிருந்த ‘ஸ்ரீ பாக்’ என்ற அவருடைய இல்லத்தில் உருவானதால் அவ்வீட்டின் பெயரையே பெற்றது. லஸ் பகுதிப் பூங்கா ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஒரு மொழியின் நாளிதழ், இலக்கிய இதழ், அரசியல் கூடம் ஆகிய மூன்றுக்கும் பின்னால் ஒரு தைலப் புட்டி நின்றிருக்கிறது என்பதைச் சென்னையின் அறிவுலக வரலாற்றை எழுதுவோர் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

இது சென்னைக்கு மட்டும் உரிய விந்தை அன்று. ரங்கூனில் பிறந்த சீன வணிகரான ஆவ் பூன் ஹா, புலி முத்திரைத் தைலத்தோடு 1920-களில் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்து, 1929-இல் அங்கே ‘சின் சியூ ஜிட் போ’ என்ற சீன நாளிதழை நிறுவினார். தம் தைலத்தைத் தம் பத்திரிகையிலேயே விளம்பரம் செய்துகொள்ளலாம் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. நாகேஸ்வர ராவும் ஆவ் பூன் ஹாவும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள் என்று கருத வேண்டியதில்லை. தலைவலித் தைலம் சிறு முதலில் செய்யக்கூடியது, எடை குறைந்தது, எளிதில் கெடாதது. ஆனால் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடாத பல தைலங்களிடையே ஒரு பெயரை மக்கள் நினைவில் ஊன்ற வேண்டுமானால், அப்பெயர் நாள்தோறும் அவர்கள் கண்ணில் பட்டாக வேண்டும். ஆகவே தைல வியாபாரிக்குப் பத்திரிகை தேவைப்பட்டது. பத்திரிகைக்கோ, வாரந்தவறாமல் இடம் வாங்கும் வாடிக்கையாளர் தேவைப்பட்டார்.

சென்னையில் 1900-ஆம் ஆண்டளவில் ‘கேசரி குடீரம்’ என்ற ஆயுர்வேத மருந்து நிறுவனத்தைத் தொடங்கிய கே. என். கேசரியும் இதே பாதையில் வந்தவர்தான். பெண்களுக்கான ‘லோத்ரா’ என்ற மருந்தால் பெயர்பெற்ற அவர், 1928-இல் ‘கிருஹலக்ஷ்மி’ என்ற பெண்கள் இதழைத் தெலுங்கில் தொடங்கி, பெண் எழுத்தாளர்களுக்குத் தங்கக் கங்கணப் பரிசும் வழங்கினார். மருந்து வாங்கும் இல்லத்தரசியும் இதழ் படிக்கும் இல்லத்தரசியும் ஒருவரே என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார்.

தமிழில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவர் எஸ். எஸ். வாசன். திருத்துறைப்பூண்டியில் பிறந்து, தாயோடு சென்னைக்கு வந்து படித்த அவர், இதழாசிரியர் ஆவதற்கு முன் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுக்கும் முகவராகவும், பொருள்களைத் தபாலில் விற்கும் வியாபாரியாகவும் இருந்தவர். பூதூர் வைத்தியநாதையர் 1926-இல் தொடங்கி, நடத்த முடியாமல் தவித்த ‘ஆனந்த விகடன்’ இதழை, பெயரிலுள்ள எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்து 1928-இல் அவர் வாங்கினார் என்று சொல்லப்படுவதுண்டு. ஒரு விளம்பரத்துக்கு எத்தனை கடிதம் வரும், எந்தச் சொல்லைக் கண்டு வாசகர் பணம் அனுப்புவார், அட்டையில் எது இருந்தால் கை நீளும் என்பதெல்லாம் கணக்காகத் தெரிந்த ஒருவரின் கைக்குப் போனதால்தான், நகைச்சுவையும் கார்ட்டூனும் தொடர்கதையும் குறுக்கெழுத்துப் போட்டியுமாக அவ்விதழ் ஒரு தலைமுறையின் வாசிப்புப் பழக்கத்தையே மாற்றியது. கல்கியின் எழுத்து விகடனை வளர்த்தது என்பது உண்மை. அந்த எழுத்தை மூலைமுடுக்குகளுக்குக் கொண்டுசேர்த்த வணிக அறிவு விளம்பரத் தொழிலில் பயின்றது என்பதும் அதே அளவு உண்மை.

மூலைமுடுக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்பதைத் தனியே விளக்க வேண்டும். அக்கால விளம்பரங்களின் கடைசி வரியில் பெரும்பாலும் காணப்படும் ‘வி.பி.பி.யில் அனுப்பப்படும், தபால் செலவு வேறு’ என்ற குறிப்பே அந்த வணிகத்தின் உயிர்நாடி. வி.பி.பி. என்பது, தபால்காரர் பொட்டலத்தைக் கொடுக்கும்போதே அதன் விலையை வாங்கி, விற்றவருக்கு அனுப்பிவைக்கும் முறை. இந்திய அஞ்சல் துறை இதை 1877-இல் தொடங்கியது; பணவிடை எனப்படும் மணியார்டர் வேலையையும் 1880-இல் அது ஏற்றுக்கொண்டது. முன்பின் தெரியாத ஒரு கம்பெனிக்கு முன்பணம் அனுப்ப அஞ்சும் கிராமத்தார்கூட, பொருளைக் கையில் வாங்கும்போது காசு கொடுத்தால் போதும் என்ற நிலையில் துணிந்து கார்டு எழுதினார். கடையே இல்லாத ஊருக்குக் கடை வந்தது இவ்வாறுதான்.

இப்படித் தபாலில் போன சரக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து மேற்கே போகும் இருப்புப்பாதையின் முதற்பகுதி, இராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே 1856-இல் திறக்கப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் வாணியம்பாடி, சோலையார்பேட்டை வழியாக நீண்டது. அந்தப் பாதைக்குத் தெற்கே எழுகிறது ஜவ்வாது மலை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் அம்மலைத்தொடர், மருந்து வணிகத்தின் மறுமுனையில் நின்றது. நகரத்துக் கம்பெனிகள் புட்டியில் அடைத்துப் படம் போட்டு விற்ற சரக்குகளுக்கான மூலப்பொருள்களில் பல, இத்தகைய மலைக்காடுகளில் பொறுக்கப்பட்டவை. திரிபலாவில் சேரும் கடுக்காயும் நெல்லியும், தலைக்குத் தேய்க்கும் சீயக்காயும், லேகியத்தில் கலக்கும் தேனும் வனத்துறைக் கணக்கில் ‘சிறு வன மகசூல்’ எனப்பட்டன. காட்டில் அவற்றுக்குப் பெயரும் பயனும் இருந்தன, விளம்பரம் இல்லை. மலையில் கூடைக்கணக்கில் விலைபோன கடுக்காய், நகரத்தில் சூரணமாகி, ரிஷி ஒருவரின் படத்தோடு அணாக் கணக்கில் விற்கப்பட்டபோது கூடிய விலையில் கணிசமான பங்கு அந்தப் படத்துக்கும் பெயருக்கும் உரியது. இந்தக் கூடுதல் விலையில் ஒரு துளியும் பொறுக்கியவர் கைக்குத் திரும்பவில்லை என்பது, விளம்பர வரலாற்றை நகரத்திலிருந்து மட்டும் எழுதும்போது விட்டுப்போகும் செய்தி.

ஒரு மருந்து விளம்பரத்தை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் கட்டுமானம் தெளிவாகும். ஒற்றைப் பத்தி அகலம்; மேலே தடித்த எழுத்தில் மருந்தின் பெயர்; அதன்கீழ், அது தீர்ப்பதாகச் சொல்லப்படும் நோய்களின் வரிசை; நடுவில் செதுக்கிய பிளாக்கிலிருந்து அச்சான முத்திரை அல்லது உரிமையாளரின் தலைப்பாகைப் படம்; பிறகு ‘புட்டி ஒன்றுக்கு’, ‘டஜன் ஒன்றுக்கு’ என்று இருவகை விலை; தாசில்தார், வக்கீல், பள்ளி ஆசிரியர் போன்றோர் எழுதியதாகக் காட்டப்படும் நற்சாட்சிக் கடிதம்; ‘எங்கும் ஏஜெண்டுகள் தேவை’ என்ற அழைப்பு; கடைசியில், போலிகளைக் கண்டு ஏமாற வேண்டாம் என்ற எச்சரிக்கை. பிளாக் என்பது படத்தைத் துத்தநாகம் போன்ற உலோகத் தகட்டில் பொறித்து மரத்தில் பதித்த அச்சுக்கட்டை. ஒருமுறை செய்துவிட்டால் பல இதழ்களுக்குப் பல ஆண்டுகள் பயன்படும் என்பதால்தான் ஒரே படம் தேய்ந்து மங்கும்வரை திரும்பத் திரும்ப வந்தது. டஜன் விலை வீட்டுக்காரருக்கு அன்று, ஊரில் சில்லறையாக விற்கக்கூடிய மளிகைக்கடைக்காரருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் விரிக்கப்பட்ட வலை.

போலி எச்சரிக்கையை வெறும் வாய்வீச்சாக எண்ணக்கூடாது. வணிக முத்திரைகளைப் பதிவு செய்வதற்கான சட்டம் இந்தியாவில் 1940-இல்தான் வந்தது. அதற்கு முன் ஒரு வியாபாரி தம் முத்திரைக்கு உரிமை கொண்டாட வேண்டுமானால், பத்திரப்பதிவு அலுவலகத்தில் உறுதிமொழி ஒன்றைப் பதிந்து, செய்தித்தாளில் எச்சரிக்கை அறிவிப்பு வெளியிடுவதே வழியாக இருந்தது. நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தால், இந்த முத்திரையை இத்தனை காலமாக நாம் ஆண்டுவருகிறோம் என்று காட்டுவதற்கு அந்த அறிவிப்புகள் துணைநின்றன. படிக்கத் தெரியாதவர் சரக்கைப் படத்தால்தான் அடையாளம் கண்டார் என்பதால், குரங்கும் கிளியும் யானையும் முதலீட்டுக்கு நிகரான சொத்தாயின.

இம்மருந்துகளில் என்ன இருந்தது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. எல்லாமே ஏமாற்று என்பது தவறான முடிபு. தலைவலித் தைலங்களில் சேரும் புதினா உப்பு எனப்படும் மென்தால், தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. கூடவே சேரும் கற்பூரமும் நீலகிரித் தைலமும் மெத்தில் சாலிசிலேட்டும் அவ்விடத்தில் ஒருவகைக் காந்தலை ஏற்படுத்தி, உள்ளிருக்கும் வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகின்றன. நோய் தீராவிட்டாலும் நோவு தணியும். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்தில் வில்லியம் வுட்வர்டு 1851-இல் உருவாக்கிய கிரைப் வாட்டரில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு சிறிது சாராயமும் நெடுங்காலம் சேர்ந்திருந்தது. குழந்தை அமைதியடைந்ததில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தாய்மார்களுக்கு எவரும் சொல்லவில்லை. தமிழ் வீடுகளில் ஓமத் தண்ணீரும் வசம்பும் செய்துவந்த வேலையை அச்சிட்ட சீட்டு ஒட்டிய புட்டி ஏற்றுக்கொண்டதற்கு, விடாத விளம்பரமே முதற்காரணம். 1928-இல் சென்னையில் தொடங்கிய டி. டி. கிருஷ்ணமாச்சாரி கம்பெனி போன்ற வினியோக நிறுவனங்கள் வெளிநாட்டுச் சரக்குகளைத் தென்னிந்தியக் கடைகளுக்குக் கொண்டுபோயின. அந்தக் கம்பெனியின் நிறுவனர் பிற்காலத்தில் இந்தியாவின் நிதியமைச்சரானார்.

வெளிநாட்டு மாத்திரைகளின் கதையும் கலவையானதே. ‘டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் பில்ஸ்’ என்ற கனடா நாட்டு மாத்திரையில் இரும்பு உப்பு இருந்ததால், சோகை பிடித்தவருக்கு அது ஓரளவு உதவியிருக்கக்கூடும். ஆனால் விளம்பரமோ சோகையோடு நிற்கவில்லை, பக்கவாதம் வரை நீண்டது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் ‘சீக்ரெட் ரெமடீஸ்’ என்ற நூலை வெளியிட்டு, இத்தகைய இரகசிய மருந்துகளை வேதியியல் முறையில் பகுத்துக் காட்டியது. பீச்சம் மாத்திரையில் கற்றாழைப் பாலும் இஞ்சியும் சோப்புமே கண்டறியப்பட்டன. ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு விற்ற 56 மாத்திரைகளின் மூலப்பொருள் விலை அரை ஃபார்த்திங், அதாவது விற்ற விலையில் நூற்றெட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் கணிசமான பகுதி உலகெங்கும் உள்ள செய்தித்தாள்களுக்கு விளம்பரக் கூலியாகப் போனது. மருந்தின் பெயரால் மக்கள் கொடுத்த காசு, அவர்கள் குறைந்த விலைக்கு வாங்கிய செய்தித்தாளின் மறைமுகச் சந்தாவாக இருந்தது என்று இதைக் கொள்வதே சரி.

சோப்பின் கதை அரசியலோடு பின்னியது. லீவர் கம்பெனியின் ‘சன்லைட்’ 1888-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கியதிலிருந்து இங்கிலாந்துச் சோப்பு இந்தியச் சந்தையை ஆண்டது. 1905-க்குப் பின் எழுந்த சுதேசி இயக்கம், ‘சுதேசி’ என்ற சொல்லையே விளம்பரத்தின் தலைப்பாக்கியது. தீப்பெட்டிக்கும் வேட்டிக்கும் சோப்புக்கும் அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று. முதல் உலகப் போரால் சந்தன மரத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பும் வழி அடைபட்டபோது, மைசூர் சமஸ்தானம் 1916-இல் தானே சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கி, அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் ‘மைசூர் சாண்டல்’ சோப்பையும் உருவாக்கியது. மைசூர்க் காடுகளைப் போலவே ஜவ்வாது மலையும் சந்தனத்துக்குப் பேர்போனது. அம்மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு இருந்து ஏலம் நடந்துவந்தது. ஆனால் மைசூருக்குக் கிடைத்ததைப்போல ஒரு முத்திரைப் பெயர் இம்மலையின் சந்தனத்துக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் நடிகையரின் முகம் சோப்பு விளம்பரத்துக்கு வந்தது. 1941-இல் லீலா சிட்னிஸ், ‘லக்ஸ்’ விளம்பரத்தில் தோன்றிய முதல் இந்திய நடிகையானார்.

இந்த வளர்ச்சிக்கு இருண்ட பக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. தாது புஷ்டி லேகியம், மேகரோக சஞ்சீவி என்ற பெயர்களில் வந்த விளம்பரங்கள், இளைஞரிடையே இயல்பான உடல் நிகழ்வுகளையே நோயாகக் காட்டி அச்சமூட்டின. வெளியே சொல்ல வெட்கப்படுவோர் தபாலில் மருந்து வாங்கி ஏமாந்தால் புகார் செய்யவும் மாட்டார்கள் என்பதே அவ்வணிகத்தின் பலம். காந்தியடிகள் ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ இதழ்களில் விளம்பரங்களையே ஏற்காமல் விட்டார். எல்லா இதழ்களாலும் அவரைப் பின்பற்ற முடியவில்லை. விளம்பரத்தை நிறுத்தினால் இதழும் நின்றுவிடும் நிலையில்தான் பல இருந்தன. கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையிலான மருந்து விசாரணைக் குழு 1930–31-இல் நாடெங்கும் ஆராய்ந்து அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1940-இல் மருந்துச் சட்டம் வந்தது. விளம்பரத்தையே நேரடியாகக் கட்டுப்படுத்தும் சட்டம் 1954-இல் நிறைவேறி, கருக்கலைப்பு, ஆண்மை விருத்தி, நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றுக்கு மருந்து உண்டு என்று விளம்பரம் செய்வதைக் குற்றமாக்கியது. மந்திரத் தாயத்துகளும் அதற்குள் அடங்கின. ‘ஹம்தர்த் தவாகானா’ தொடுத்த வழக்கில் 1959-இல் உச்ச நீதிமன்றம், சில பிரிவுகளைத் தள்ளிவிட்டு, சட்டத்தின் அடிப்படை நோக்கத்தை ஏற்றது. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2024-இல் பதஞ்சலி நிறுவனம் செய்தித்தாள்களில் மன்னிப்பு அறிவிப்பு வெளியிட நேர்ந்த வழக்கின் பின்னணியிலும் அச்சட்டம் இருந்தது.

விளம்பரங்கள் அன்றைய வாசகரின் கண்ணில் எந்த இடத்தில் பட்டன என்பதும் கருதத்தக்கது. ‘தி ஹிந்து’ நாளிதழின் முதற்பக்கம் 1958 வரை விளம்பரங்களுக்கே உரியதாயிருந்தது. இலண்டன் ‘டைம்ஸ்’ 1966-இல்தான் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. போர்ச் செய்தியையும் சட்டமன்றச் செய்தியையும் தேடி வாசகர் பக்கத்தைத் திருப்ப வேண்டியிருந்தது, விளம்பரங்களோ மடித்த தாளின் மேலேயே கிடந்தன.

இவ்வளவு செய்திகளைச் சுமந்திருக்கும் இந்த அச்சுத் துண்டுகள் பல நூலகங்களில் அழிந்தே போயின. இதழ்களை ஆண்டு வாரியாக பைண்டு செய்யும்போது, கனத்தைக் குறைப்பதற்காக அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்தெறிவது நெடுங்காலம் நூலகங்களில் வழக்கமாயிருந்தது. கட்டுரையும் கதையும் மட்டுமே காக்கத்தக்கவை என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட அந்த வேலை, ஒரு புட்டி மருந்தின் விலை என்ன, எந்த நோய்க்கு மக்கள் அஞ்சினார்கள், எந்த ஊரில் எந்தச் சரக்குக்கு ஏஜெண்டு இருந்தார் என்பதற்கான சான்றுகளை ஒரேயடியாகப் போக்கிவிட்டது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம், நூல்களோடு நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் நாடகத் துண்டறிக்கைகளையும் சேர்த்துக் காத்துவருவதால், இழப்பின் ஒரு பகுதியாவது ஈடுசெய்யப்பட்டிருக்கிறது. பழைய இதழ்கள் பரணில் கிடக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. அவற்றை எடைக்குப் போடும் முன் அட்டையையும் பின்பக்கங்களையும் ஒருமுறை பார்த்து, கிழியாமல் இருந்தால் ஏதேனும் ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். முழு இதழாகக் கொடுப்பதே முறை. விளம்பரத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் அதன் தேதியும், பக்கத்தில் நின்ற செய்தியும் போய்விடும்.